உள்பக்கம் பார்த்து வாங்குங்கள்

பட்டுப் புடவை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் முந்தானையின் அழகோடு நின்றுவிடுவதில்லை. புடவையைத் திருப்பிப் பின்பக்கம் இழைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பார்கள். கரையும் உடலும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஓர் இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று சோதிப்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பக்கம் கடைக்காரருக்காகப் பேசும், தெரியாத பக்கம்தான் நெசவைப் பற்றிப் பேசும் என்பது தலைமுறைகளாக வந்த அறிவு. ஆனால் அதே கைகள், உள்ளே கம்பி வைத்து உடம்புக்கு வடிவம் தரும் ஒரு கார்செட்டை வாங்கும்போது நிறம், எம்பிராய்டரி, அளவு மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்று தூரத்து விஷயம் இல்லை. நியூஜெர்சியில் எடிசனையும் ஐஸ்லினையும் இணைக்கும் ஓக் ட்ரீ ரோட்டிலும், ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் பகுதியிலும், பே ஏரியாவின் ஃப்ரீமான்ட், சன்னிவேல் வட்டாரங்களிலும் கல்யாணத் துணி எடுக்கும் பெண்களுக்கு, ரிசப்ஷன் லெஹங்காவுக்கும் புடவைக்கும் ‘கார்செட் பிளவுஸ்’ பழகிய சொல்லாகிவிட்டது. தோள்பட்டை இல்லாத கவுன், இடுப்பைச் சிறுத்துக் காட்டும் ஸ்டீல் கார்செட், பிரசவத்துக்குப் பிறகு வயிற்றைக் கட்டும் பெல்ட் எல்லாமே அந்தப் பெயரை ஒட்டியே விற்கப்படுகின்றன. பெயர் ஒன்றானாலும் பொருள் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் துணியும் கம்பியும் தையலும்தான். இந்த உடையில் நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கண்ணில் படாத இடத்துக்கே போக வேண்டும். அப்படிப் போயிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை.

அமெரிக்காவில் விற்கும் உடையில் லேபிள் இருக்குமே, அதைப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். 1958-இல் இயற்றப்பட்டு 1960 முதல் நடைமுறையில் உள்ள ஜவுளி இழைச் சட்டத்தின்படி, உடையில் எந்த இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தயாரானது, தயாரித்தவர் அல்லது விற்பவர் யார் என்பதை லேபிளில் அச்சிட வேண்டும். ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைக் கண்காணிக்கிறது. நுகர்வோருக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதே சட்டம் சிலவற்றுக்கு விலக்கும் தருகிறது. குளிருக்காக அல்லாமல் வடிவம் நிற்பதற்காக மட்டும் வைத்துத் தைக்கும் லைனிங், இடைத்துணி, பஞ்சு, விறைப்புத் துணி ஆகியவற்றின் இழையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரணச் சட்டைக்கும் கோட்டுக்கும் இந்த விலக்கால் பெரிய இழப்பில்லை. கார்செட்டுக்கோ வடிவம் நிறுத்தும் அந்த உள்துணிதான் உயிர். லேபிளில் ‘100 சதவீதம் பாலியெஸ்டர்’ என்று இருந்தால், அது மேலே மினுங்கும் சாட்டினைப் பற்றிய தகவலாக மட்டும் இருக்கக்கூடும். அதற்குக் கீழே கெட்டியான பருத்தித் துணி இருக்கிறதா, ஒட்டுக் கான்வாஸ் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதை அது சொல்லாது. உள்ளே ஓடும் கம்பி இரும்பா பிளாஸ்டிக்கா என்பதும் இழைச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஆகவே இந்த உடைக்கு லேபிள் அரைச் சாட்சி. மீதி அரைக்கு வாங்குபவரின் கையும் கண்ணும்தான் சாட்சி.

எதைப் பார்ப்பது என்று தெரிய, கார்செட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும். பலர் அதிலுள்ள கம்பிகள்தான் இடுப்பை இறுக்குகின்றன என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. இறுக்குவது பின்பக்கத்துக் கயிறு. அந்த இழுவிசையை இடுப்பைச் சுற்றிச் சுமப்பது துணி. கம்பியின் வேலை துணியை மேலும் கீழும் விறைப்பாக நிறுத்துவது மட்டுமே. கம்பி இல்லாவிட்டால் இறுக்கிய துணி இடுப்பில் கயிறுபோலச் சுருண்டு வெட்டும். துணி பலவீனமாக இருந்தால் கம்பி எத்தனை இருந்தும் பயனில்லை. குடையை நினைத்துப் பாருங்கள். கம்பி துணியை விரித்துப் பிடிக்கிறது, துணி கம்பியை வளைத்து அடக்குகிறது. ஒன்று தளர்ந்தால் மற்றது மழைக்கு நிற்காது. அதனால்தான் நல்ல கார்செட் செய்பவர்கள் துணியிலிருந்து தொடங்குகிறார்கள். இதற்கென்றே நெய்யப்படும் துணிக்கு ‘கூட்டில்’ என்று பெயர். பருத்தி நூலை மிக நெருக்கமாக, பெரும்பாலும் மீன்முள் வரிசை போன்ற அமைப்பில் நெய்வார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் அது எளிதில் நீளாது, கம்பி முனை அதைக் குத்திக்கொண்டு வெளியே வராது. கூட்டில் கிடைக்காத இடத்தில் கெட்டியான டிரில்லோ டக்கோ பயன்படும். மேலே தெரியும் பட்டோ புரோக்கேடோ அழகுக்கு, உடம்பை ஒட்டும் மெல்லிய லைனிங் சுகத்துக்கு. நடுவில் இருக்கும் அந்த நீளாத துணிதான் உழைப்பாளி. இடுப்பு மிகவும் குறுகும் கோட்டில், உள்ளே ஓர் அங்குல அகலக் கெட்டி நாடா சுற்றி ஓட வேண்டும். இழுவிசை முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான் விழுகிறது. நாடா இல்லாத கார்செட்டில் தையல்கள் அந்த இடத்திலேயே முதலில் வாய் பிளக்கும்.

இதை இரண்டு கைகளாலேயே சோதிக்கலாம். கார்செட்டின் ஒரு துண்டை இடுப்புக் கோட்டில் இரு பக்கமும் பிடித்துக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் அது கார்செட் அல்ல, அந்தத் தோற்றத்தில் தைத்த மேல்சட்டை. தையற்கலை தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். துணியை நேர் இழையில் வெட்டினால் நிற்கும், கிராஸில் வெட்டினால் நீளும். மலிவாகத் தயாரிக்கும்போது துணி மிச்சம் பிடிக்கத் துண்டுகளை இழை பாராமல் வெட்டினால், உடை சில தடவைக்குள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அடுத்தது, எத்தனை துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நல்ல கார்செட்டில் பக்கத்துக்கு நான்கிலிருந்து ஆறு துண்டுகள் வரை இருக்கும். மார்பு, விலா, இடுப்பு, இடுப்பெலும்பு ஆகிய நான்கின் வளைவும் அந்தத் துண்டுகளின் வெட்டிலேயே வந்துவிட வேண்டும். தரையில் விரித்தால் அட்டைபோலத் தட்டையாகப் படுத்துவிடும் கார்செட்டில் வளைவு வெட்டப்படவில்லை என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் உடம்பை நசுக்குமே தவிர வடிவம் தராது.

கம்பிக்கு வருவோம். தையற்காரர்கள் ‘போனிங்’ என்று சொல்லும் இந்தப் பட்டை ஒரு காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து வந்தது. திமிங்கில எலும்பு என்று பெயர் வந்தாலும் அது எலும்பு அல்ல. பல்லில்லாத திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து தொங்கி இரையை வடிகட்டும் தகடு அது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. இன்று நம்மவர்கள் கணினி நிறுவனங்களுக்காகக் குடியேறும் பே ஏரியாவுக்கு இந்தக் கதையில் பெரிய பங்குண்டு. 1880களில் சான் பிரான்சிஸ்கோ அமெரிக்காவின் முதன்மையான திமிங்கில வேட்டைத் துறைமுகமானது. அங்கிருந்து நீராவிக் கப்பல்கள் ஆர்க்டிக் கடலுக்குப் போய், நீளமான தகடுகளை உடைய போஹெட் திமிங்கிலங்களை வேட்டையாடின. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வந்துவிட்டதால் திமிங்கில எண்ணெய்க்கு மதிப்புக் குறைந்திருந்தது. கார்செட்டுக்கான தகடுதான் அந்த வேட்டையைத் தாங்கிப் பிடித்தது. தகட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் விட்டுவிடுவதும் நடந்தது. தகடு அரிதாகி விலை ஏற ஏற, மாற்றுப் பொருள் தேடும் போட்டி தொடங்கியது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் தொழிற்சாலை நடத்திய வார்னர் சகோதரர்கள் மெக்சிகோக் கற்றாழை வகையின் நாரிலிருந்து ‘கோரலைன்’ என்ற பட்டையைச் செய்தார்கள். மிச்சிகனின் த்ரீ ஓக்ஸ் ஊரில் எட்வர்ட் வாரன் 1883-இல் வான்கோழி இறகின் தண்டிலிருந்து ‘ஃபெதர்போன்’ செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பிரிங் ஸ்டீலும் மாறிவரும் நாகரிகமும் சேர்ந்து திமிங்கிலத் தகட்டின் சந்தையை முடித்துவைத்தன. கார்செட்டின் வரலாற்றில் பாதி, வளைந்தும் உடையாத, நிமிர்ந்தும் குத்தாத ஒரு பட்டையைத் தேடிய வரலாறுதான். இத்தனை உழைப்பு அந்தப் பட்டைக்காக நடந்திருக்க, அதைப் பார்க்காமல் வாங்குவது நியாயமில்லை.

இன்று சந்தையில் இரும்புப் பட்டை இரண்டு வகையாகக் கிடைக்கிறது. தட்டையான ஸ்பிரிங் ஸ்டீல் முன்னும் பின்னும் மட்டுமே வளையும். கயிறு கோக்கும் துளைகளின் இருபுறமும், முன்பக்கத் திறப்பின் அருகிலும் இதுதான் வேண்டும். கம்பியைச் சுருளாக்கித் தட்டிச் செய்த ஸ்பைரல் ஸ்டீல் பக்கவாட்டிலும் வளையும். விலாவின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் வளைந்து போகும் தையல்களுக்கு இது பொருந்தும். விளம்பரத்தில் ‘24 ஸ்டீல் போன்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணிக்கையைவிட எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். ஸ்டீல் என்று சொல்லி விற்பது உண்மையில் ஸ்டீல்தானா என்று தெரிந்துகொள்ள, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தம் போதும். துணியின் மேல் வைத்தால் பட்டை இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு பட்டையை மெதுவாக வளைத்து விடுங்கள். ஸ்டீல் உடனே நிமிரும். மலிவு பிளாஸ்டிக் ஒரே இடத்தில் மடங்கி, உடம்புச் சூட்டில் அந்த மடிப்பிலேயே நின்று, பிறகு தோலைக் குத்தும். பிளாஸ்டிக் என்றாலே மோசம் என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. திமிங்கிலத் தகட்டின் குணத்தை ஒட்டித் தயாரிக்கும் கெட்டியான செயற்கைப் போனிங் இருக்கிறது. பழைய கால உடைகளை மறுபடி தைக்கும் தேர்ந்த கைவினைஞர்கள் அதை விரும்பியே எடுக்கிறார்கள். இடுப்பைக் குறைக்காமல் வடிவம் மட்டும் நிறுத்தும் உடைக்கு அது நன்றாகவே போதும். துணிக்கடையில் சுருளாகக் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் பட்டையை வைத்துத் தைத்துவிட்டு, இடுப்பைக் குறைக்கும் கார்செட் என்று விற்பதுதான் பிழை.

மூடும் அமைப்பிலும் தரம் தெரிந்துவிடும். முன்பக்கத்தில் கொக்கியும் குமிழுமாக இரண்டு இரும்புத் தகடுகள் இணையும் ‘பஸ்க்’ இருந்தால், பின்கயிற்றைத் தளர்த்திவிட்டு நாமே கழற்றலாம், அணியலாம். அதை விரலால் அழுத்தினால் எளிதில் மடங்கக் கூடாது. பின்பக்கத் துளைகளில் இருபக்கமும் உலோக வளையம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்திய ஐலெட் இரண்டு மூன்று இறுக்கலிலேயே துணியைக் கிழித்துக்கொண்டு பிடுங்கி வரும். உள்பக்கத்தில் வளையத்தின் விளிம்பு பிளந்திருந்தால் கயிறு அறுந்துகொண்டே இருக்கும். இடுப்பைக் குறைக்க அணியும் கார்செட்டுக்கு வழுக்கும் சாட்டின் ரிப்பனைவிடப் பின்னிய பாலியெஸ்டர் கயிறு நம்பகமானது. அளவு பார்க்கும்போது எஸ், எம், எல் உதவாது. இத்தகைய கார்செட்டுக்கு இடுப்பு அங்குலத்தில்தான் அளவு. அதோடு விலா, இடுப்பெலும்பு, உட்கார்ந்த நிலையில் உடலின் நீளம் ஆகியவற்றையும் கேட்கும் கடையே அளவு தெரிந்த கடை. அணிந்து இறுக்கிய பிறகு பின்னால் விடும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, இரண்டு அங்குலம் போல இருந்தால் பொருத்தம். ‘வி’ வடிவில் திறந்தால் விலாவுக்கோ இடுப்பெலும்புக்கோ அளவு தவறிவிட்டது.

ஒரு ராத்திரி ரிசப்ஷனுக்குப் போடும் பிளவுஸுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கார்செட் பிளவுஸ் இடுப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அதற்கு பஸ்க்கும் கூட்டிலும் கட்டாயமில்லை. ஆனால் அதற்கும் ஒரு பாரம் உண்டு. தோள்பட்டை இல்லாத பிளவுஸைத் தாங்க மேலே பிடிமானம் இல்லை. கனமான துப்பட்டாவையோ ஜரிகை முந்தானையையோ அதில் குத்தினால் இழுபடும். அந்தப் பாரம் இடுப்புக்கு இறங்கினால்தான் உடை நிற்கும். அதற்காகத்தான் தேர்ந்த தையற்காரர்கள் இத்தகைய உடையின் உள்ளே இடுப்பைச் சுற்றித் தனியாக ஒரு கெட்டி நாடாவை வைத்துக் கொக்கி போடுகிறார்கள். முதலில் அந்த நாடா இறுகிப் பிடிக்கிறது, பிறகு ஜிப் பளுவில்லாமல் ஏறுகிறது. இந்த நாடா இல்லாத பிளவுஸை அணிந்த பெண் அன்று மாலை முழுவதும் அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். சென்னையில் தைக்கக் கொடுத்து வரவழைப்பவர்கள் எம்பிராய்டரியைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள். இடுப்பு நாடா வைப்பீர்களா, உள்ளே என்ன துணி, போனிங் பட்டையின் முனைக்கு உறை போடுவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸின் கோடையில் திறந்தவெளிக் கல்யாணம் என்றால், உடம்பை ஒட்டும் லைனிங் பருத்தியாக இருக்கட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் இப்போது எலாஸ்டிக்கில் வந்துவிட்டதே, பழைய கார்செட் நுணுக்கம் நமக்கு வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. 1922-இல் நியூயார்க்கில் ஐடா ரோசன்தால், அவர் கணவர் வில்லியம், எனிட் பிசெட் மூவரும் தொடங்கிய மெய்டன்ஃபார்ம் நிறுவனம், நியூஜெர்சியின் பேயோனில் தொழிற்சாலை நடத்தி மார்பு உள்ளாடையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 1958-இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பாண்டெக்ஸ் இழை, அதாவது லைக்ரா, இடுப்பு உள்ளாடைகளில் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. பெண்களின் உடம்புக்கு இவை தந்த சுதந்திரம் பெரியது. அதோடு, கம்பி வைத்துத் தைத்த உடையை எடைபோடும் அறிவும் பொதுவழக்கிலிருந்து மறைந்தது. எலாஸ்டிக்கும் கார்செட்டும் நேர் எதிரான தத்துவங்கள். ஒன்று நீண்டு கொடுக்கும், மற்றது நீளாமல் நிற்கும். இன்று ‘வெயிஸ்ட் டிரெய்னர்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை லேடக்ஸ் அல்லது ஸ்பாண்டெக்ஸ் பட்டைகள். லேடக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை தரும். பிரசவத்துக்குப் பிறகு பழைய பருத்திப் புடவையால் வயிறு கட்டும் நம் வழக்கத்தின் இடத்தில், நாகரிகத்துக்காகச் செய்த கார்செட்டை வைப்பதும் தவறு. அதற்கு மருத்துவரோ செவிலியரோ சொல்லும் மென்மையான பெல்ட்தான் பொருத்தம். முதுகுக்கான ஆதாரப் பட்டையும் மருத்துவரின் தீர்மானத்துக்கு உரியது.

இன்னும் கனமான ஓர் ஆட்சேபம் உண்டு. பெண்ணின் உடம்பை வதைத்த உடையை ஏன் மறுபடி அணிய வேண்டும் என்பது அது. அதில் உண்மை இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் லுடோவிக் ஓஃபாலோவெல் 1908-இல் வெளியிட்ட எக்ஸ்ரே படங்கள், இறுக்கிக் கட்டிய கார்செட்டுக்குள் விலா எலும்புகள் நெருங்கி வளைந்திருப்பதைக் காட்டின. மறுபக்கத்தில், இடுப்பைச் சிறுக்க விலா எலும்பையே வெட்டி எடுத்தார்கள் என்பது போன்ற கதைகளுக்கு ஆதாரமில்லை என்று உடை வரலாற்றாசிரியர் வலெரி ஸ்டீல் 2001-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். தீங்கின் அளவு இறுக்கத்தையும் நேரத்தையும் பொறுத்தது. இதில் தரமும் சேர்கிறது. சரியான அளவில் வெட்டி, நீளாத துணியில் தைத்த கார்செட் அழுத்தத்தை இடுப்பெங்கும் பரப்பும். மலிவானது அதே அழுத்தத்தை ஓரிரு இடத்தில் குவித்துத் தோலையும் விலாவையும் குத்தும். எவ்வளவு நல்ல கார்செட்டானாலும் மூச்சு முட்டினால், மரத்துப்போனால், வலித்தால் உடனே தளர்த்த வேண்டும். கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கமோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டவே கூடாது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அணிவதும் அணியாததும் அந்தப் பெண்ணின் விருப்பம். அணிகிறவள் வதைபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்வது.

இணையத்தில் வாங்கும்போது எப்படித் தொட்டுப் பார்ப்பது என்பது கடைசிக் கேள்வி. உள்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் தயங்காமல் அனுப்புவார். துணியின் பெயர், பட்டையின் வகை, இடுப்பு நாடா உண்டா இல்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தரும் விதியைப் பணம் கட்டும் முன் படியுங்கள். நேரில் தொட்டுப் பழக வாய்ப்புகளும் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம் ஆடமி 1989-இல் தொடங்கிய டார்க் கார்டன் போன்ற கைவினை நிறுவனங்கள் அளவெடுத்துத் தைக்கும் மரபைக் காத்துவந்திருக்கின்றன. ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷனில் 1974 முதல் இலையுதிர் காலத்தில் நடக்கும் டெக்சாஸ் ரெனசான்ஸ் திருவிழாவில் பழைய பாணி உடை விற்கும் கடைகளைப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் ஒரு நல்ல கார்செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு மட்டமானது அடுத்த முறை எடையிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அது எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள். அழகுக்கு என்றால் உள் நாடாவும் உறையிட்ட பட்டையும் போதும், ஸ்டீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இடுப்பைக் குறைக்க என்றால் நீளாத துணி, ஸ்டீல், வளைவான வெட்டு மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். உடம்பு நோவுக்கு என்றால் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போங்கள். எதுவானாலும், பணத்தை எடுக்கும் முன் அதை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். புடவைக் கடையில் உங்கள் தாயும் பாட்டியும் செய்தது அதுதான்.